டாப் கியர் காற்றுக்கு ஒரு ஜன்னல்

யார் வீட்டுக்குப் போனாலும் கிறிஸ்துராஜ் உட்காருவதற்கு முன்னால் ஜன்னலைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிடுவார். பிறகு காதை அதன் பக்கம் சாய்த்து, "லொடக்… லொடக்… லொடக்" என்று ஜன்னல் சொன்னதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். "கீலு போயிருச்சுங்க" என்பார். இல்லாவிட்டால், "கொண்டி தளந்திருக்குது. ரெண்டாவது கியருக்கே தாங்காது" என்பார். அதற்கப்புறம்தான் "சௌக்கியமா இருக்கறீங்களா?" எல்லாம். கல்யாண வீடா, சீர் வீடா என்று பார்ப்பதில்லை. மாசி மாதம் எருமப்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்குப் போனவர் மாலையைப் போட்டார், சிலுவை வரைந்துகொண்டார், கைகட்டி நின்றார், எல்லாம் முறைப்படிதான். திரும்பும்போது கை சும்மா இருக்கவில்லை. லொடக் என்ற சத்தத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஒண்ணுமில்லீங்க, நீங்க அழுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சேந்தமங்கலத்தில் குடியிருக்கும் லாரி டிரைவர் அவர். நாற்பதைத் தாண்டியிருக்கலாம், கேட்டால் "பாடி பழசு, என்ஜின் புதுசுங்க" என்பதோடு சரி. வெயிலில் வெளியே தொங்கிக்கொண்டே வரும் வலது கை, இடது கையைவிட ஒரு பூச்சு அதிகமாகக் கறுத்திருக்கும். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரலுக்குத் தாழ்வு என்பதே மறந்துவிட்டது. அவர் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் சாமியார் மட்டும் கேட்பதில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்களும் கேட்கிறார்கள். "சரக்குல கைவெச்சதில்லீங்க சாமி, ஆனா தேங்கா ஒண்ணு உருண்டு வந்துச்சுங்க" என்ற பாவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

காற்றுக்கு அவர் வைத்திருக்கும் அளவு தனி. கொடியில் காயும் வேட்டி லேசாக அசைந்தால் முதல் கியர். வேட்டி கொடியோடு மல்லுக்கு நின்றால் இரண்டு. வீட்டு ஓடுகள் பல்லைக் கடித்தால் மூன்று. வாழைத்தோப்பு மொத்தமாகப் படுத்துவிட்டால் அது டாப். சித்திரை மாதத்துச் சாயங்காலங்களில் கொல்லிமலை உச்சியில் மேகம் கறுத்தால் தெருக்காரர்கள் வானத்தைப் பார்க்கமாட்டார்கள்; இவரைத்தான் பார்ப்பார்கள்.

"ஏனுங் தம்பி, இன்னிக்கி எப்புடி?" என்பாள் எதிர்வீட்டு அத்தாயி.

இவர் கறுத்த கையை நீட்டி விரல்களை விரித்துப் பார்ப்பார். "மூணுல வருதக்கா. துணிய எடு."

"மூணா, டாப்பா? நல்லாப் பாத்துச் சொல்லு. என்ற கூரை ஆடிப்போய்க் கெடக்குது."

"கூரையா? நீ பேசற பேச்சுக்குத்தான் அது ஆடுது. காத்து மேல பழி போடாதே!"

இப்படி ஊர் ஜன்னலையெல்லாம் குலுக்கித் திரிகிற மனிதர், முன்பு ஜன்னலை ஏறெடுத்தும் பார்த்தவரல்ல. வாரத்தில் பாதி நாள் அவருக்கு ஜன்னல் என்பது லாரிக் கதவின் மேல்பாதி. இரண்டு வருஷத்துக்கு முந்தின சித்திரையில்தான் அது மாறியது. அப்போது அவர்கள் வாடகை வீட்டில் இருந்தார்கள். இவர் பெங்களூரில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்க, இங்கே டாப் கியரில் ஒரு காற்று வந்தது. மலைப்பக்கத்து ஜன்னலின் கொண்டி பிய்ந்துபோயிற்று. மனைவி இன்னாசிமேரி, மகள் பாப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னல் கதவுகளைச் சேர்த்து, அவற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். மழை ஓயும்வரை அப்படியே நின்றாள்.

திரும்பி வந்தவரிடம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "என்ற முதுகே தாழ்ப்பாளாப் போச்சுங்க." அவரும் சிரித்தார். ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். வெறும் முதல் கியர் காற்று. வேட்டி கூடச் சரியாக அசையவில்லை. கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தவள் அரிவாள்மனையைச் சாய்த்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவர் அதே அறையில் கட்டிலில் படுத்திருந்தார். இருந்தும் நின்றாள்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க தூங்குங்க."

காற்று போன பிறகும் சற்று நேரம் அவள் அங்கிருந்து நகரவில்லை. எதையெடுத்தாலும் கேலி பேசுகிற கிறிஸ்துராஜ், அதை மட்டும் இன்றுவரை யாரிடமும் கேலியாகச் சொன்னதில்லை. தனக்கென்று சொந்தமாக வீடு கட்டத் தொடங்கினார். சுவர் இடுப்பளவு வருவதற்கு முன்பே ஜன்னல் பேச்சு கிளம்பிவிட்டது. தான் இல்லாத நாட்களில் டாப் கியர் காற்றே வந்தாலும் அவள் முதுகுக்கு அந்த வேலை இருக்கக்கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜன்னலுக்கு வந்தவர் தங்கசாமி ஆசாரி. அவர் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் ஒரு முறை மூக்கை உறிஞ்சுவார். உறிஞ்சல் நீண்டால் கோபம் என்று அர்த்தம்.

"உள்பக்கமாத் தொறக்குற ஜன்னல்தானுங்க மொறை" என்றார் ஆசாரி. சின்ன உறிஞ்சல்.

"உள்பக்கம் தொறந்தா காத்து தள்ளும், ஆசாரியாரே. கொண்டி பிச்சுக்கும்."

"என்ற கொண்டியப் பிய்க்கிற காத்து எங்கீங்க இருக்குது?" நீண்ட உறிஞ்சல்.

"சேலம் ரோட்டுல இருக்குது. வாங்க, காட்டறேன்."

கிறிஸ்துராஜ் சொன்னால் செய்துவிடுகிற ஆள். மறுநாள் காலி லாரியின் கேபின் தலைமேல் இரண்டு ஜன்னல்கள் நின்றன. நிலையோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கி, முகத்தை ரோட்டுக்குக் காட்டிக் கட்டியிருந்தார். ஒன்று ஆசாரியின் உள்பக்க ஜன்னல். இன்னொன்று கிறிஸ்துராஜ் தன் மூளையில் செய்தது. லாரியின் பின்கதவு இருக்கிறதல்லவா, கீல் கீழே, இரண்டு பக்கமும் சங்கிலி, கழற்றினால் வெளியே தொங்கும், தூக்கி மாட்டினால் மூட்டை மொத்தமும் சாய்ந்தாலும் நிற்கும்; அதே மாதிரி ஒரு ஜன்னல். "சங்கிலி மாட்டுன பின்கதவு என்னிக்காச்சும் என்னைய ஏமாத்தியிருக்குதா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். பக்கத்தில் ஆசாரி, ஒரு கையால் கதவையும் ஒரு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு.

லாரியில் வேகம் காட்டும் முள் என்றைக்கோ உயிரை விட்டுவிட்டது. அவர் காதால் ஓட்டுகிறவர். மூன்றாவது கியரில் ஆசாரியின் ஜன்னல் முனகத் தொடங்கியது. டாப்புக்கு மாற்றியதும் தலைக்குமேல் 'படார்' என்று ஒரு சத்தம். கொண்டி தெறித்துப்போய்க் கடலைக்காட்டில் விழுந்தது. இரண்டு கதவுகளும் கேபினின் கூரையைத் தபேலா அடிக்க ஆரம்பித்தன.

"முருகா, நிறுத்துங்க! என்ற கொண்டி!" என்று ஆசாரி கத்தினார்.

"காத்தக் காட்டுன்னு சொன்னீங்கல்ல? பாருங்க!"

பின்கதவு ஜன்னலோ காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. எதிரில் வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டார். ஏதோ சப்பரம் போகிறது என்று நினைத்திருப்பார். ராசிபுரம் பிரிவில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். லாரியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"என்னய்யா இது? லாரியா, மச்சு ஊடா?"

"லாரிதானுங்க. ஜன்னலுக்குக் காத்து பாக்கறேனுங்க."

"ஜன்னலுக்குக் காத்தா? காத்துக்குத்தானய்யா ஜன்னலு!"

"அந்தக் காத்து வேறீங்க, இந்தக் காத்து வேறீங்க" என்று கிறிஸ்துராஜ் இறங்கிப்போய்க் கீல் எது, சங்கிலி எது என்று முழுசாக விளக்கினார். முடிக்கும்போது போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "எங்கூட்டு ஜன்னலும் லொட லொடன்னுதான் அடிக்குது. ஒருநா வந்து பாரேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அப்புறம் யார் பேச்சைக் கேட்பார்? புது வீட்டில் அடுப்படி, படுக்கிற அறை, முன்னறை என்று எல்லா இடத்துக்கும் பின்கதவு ஜன்னல்தான். "ரோட்டுல பாஸான ஜன்னலுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சங்கிலியை ஆட்டிக் காட்டினார். ஜன்னலை இறக்கிவிட்டால் சுவருக்கு வெளியே ஒரு பலகை நீட்டிக்கொண்டு நின்றது. அத்தாயியின் கோழிகளுக்கு அது பிடித்துப்போயிற்று. முன்னறை ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்து வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தன. அத்தாயியும் தன் பங்குக்கு வடகத்தை அதில் காயப்போட்டாள். "நல்ல ஜன்னலு தம்பி. எங்கூட்டுக்கும் ரெண்டு வெச்சுக் குடு, அப்பளம் காயப்போட" என்றாள்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் மேல்காற்று வந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார். வரட்டும் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மேற்குப் பார்த்த முன்னறை ஜன்னல் கல்லைப்போல நின்றது. "பாத்தியா புள்ள?" என்று அவர் திரும்பிய நேரத்தில், வீட்டின் பின்பக்கம், மலையைப் பார்த்த ஜன்னல் சங்கிலிக் கொக்கி தெறித்து 'டமால்' என்று வெளியே விழுந்தது. எழுந்து ஓடுவதற்குள் அடுப்படி ஜன்னலும் விழுந்தது. கூடத்துத் தூசியெல்லாம் கிளம்பிச் சோற்றுப் பானையில் இறங்கிற்று. அவர் பின்னறைக்குள் போனபோது இன்னாசிமேரி இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, ஜன்னலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் முதுகைக் கொடுத்தவள். இந்த வருஷம் கையும் காலும்.

அவர் அவளோடு சேர்ந்து சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று இறங்கிய பிறகு வெளியே போய் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். நின்றார். தலையில் அடித்துக்கொண்டார்.

"லாரிக்குப் பின்னால தூசி எப்புடி இழுத்துக்கிட்டு வருது! தெனமும் கண்ணாடியில பாக்கறேனே! முன்னால தள்ளுற காத்து பின்னால இழுக்கும்னு தெரியாமப் போச்சே. ஜன்னல லாரிக்கு முன்னாலயே கட்டிப் பாத்துட்டேன் புள்ள."

இன்னாசிமேரி உள்ளங்கையில் பதிந்திருந்த சங்கிலித் தடத்தைத் தேய்த்துக்கொண்டாள். "நீங்க லாரிக்கு ஜன்னல் வெச்சீங்க. இந்த ஊட்டுக்குள்ள இருக்கறவ நானு. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டிருக்கோணும்."

"இப்பக் கேளுங்க."

ஆசாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை அவள் முன்னால் நடந்தாள். ஆண்கள் இருவரும் பின்னால். முதலில் அடுப்படி. "காத்தடிக்குதுன்னு இதச் சாத்துனா நான் உள்ளயே கருவாடு. பொகை போகோணும், தண்ணி வரக்கூடாது." சுவரின் உயரத்தில் சின்னதாக ஒன்று, கீல் மேலே, குச்சி கொடுத்து வெளிப்பக்கம் தூக்கி நிறுத்துகிற பலகை என்று முடிவாயிற்று. மழை அதன் முதுகில் வழிந்துபோகும். காற்று மிஞ்சினால் குச்சியைத் தட்டிவிட்டால் தானே விழுந்து மூடிக்கொள்ளும். "கீல் மேலயா! நான் கீழ வெச்சேன் பாருங்க" என்றார் கிறிஸ்துராஜ். "கோழிக்குத் தோதா வெச்சீங்க" என்றார் ஆசாரி. அன்றைக்கு அவர் மூக்கை உறிஞ்சவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

முன்னறையில்தான் சண்டை. அவளுக்குக் கண்ணாடி வேண்டும். யார் வருகிறார்கள் என்று முகம் தெரிய வேண்டும்.

"கண்ணாடியா? ரோட்டுல ஒடஞ்சு கெடந்து நான் பொறுக்காத கண்ணாடியா? ஆகாது."

"அப்ப நான் காத்து மழையில கதவத் தொறந்துதான் ஆள் பாக்கோணுமா?"

அவர் தாடையைச் சொறிந்தார். உள்ளே சின்னச் சின்னச் சதுரமாகக் கண்ணாடி, வெளியே பலகைக் கதவு என்று இரண்டு அடுக்காகச் சமாதானம் ஆனார்கள். இருதய ஆண்டவர் படத்துக்கு விளக்கேற்றும் மூலைக்குத் திறக்கிற ஜன்னலே கூடாது என்றாள். மீனின் செவுள் மாதிரி, சாய்த்து அடுக்கிய பலகைகள் அசையாமல் நிற்க வேண்டும். "தொறக்குறதுக்கு ஒண்ணுமில்லீன்னா பிய்க்கிறதுக்கும் ஒண்ணுமில்லீங்களே" என்றாள். ஆசாரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சுவரிலேயே வரைந்துகொண்டார்.

கடைசியாக மலையைப் பார்த்த அறை. அவள் ஜன்னல் பக்கத்தில் போய் நின்றாள்; முதுகு தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது. கிறிஸ்துராஜ் தரையைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன வேணுமுங்கம்மா?" என்று ஆசாரி கேட்டார்.

"நான் கையெடுத்தாலும் நிக்கோணும். அவ்வளவுதானுங்க."

அந்த ஒரு ஜன்னலுக்கு எடுத்துக்கொண்ட சிரமத்தில் இன்னொரு வீடே கட்டியிருக்கலாம். தடித்த பலகையில் இரட்டைக் கதவு. வெளிப்பக்கம் திறக்கும், சாத்தினால் நிலையில் வெட்டிய படியில் போய் உட்காரும், காற்று தள்ளத் தள்ள இறுகும். காற்று வெளியே இழுத்தால்? அதற்கு உள்ளே ஒரு குறுக்குச் சட்டம். கிறிஸ்துராஜ் பழைய லாரி வில்லுப் பட்டையை வளைத்து நான்கு கொக்கி அடித்தார்: இரண்டு சுவரில், இரண்டு கதவில். சட்டத்தை மேலிருந்து போட்டால் கதவும் சுவரும் ஒரே உடம்பு. பாப்பா கூட ஒரு கையால் தூக்கிப் போடலாம். இந்த முறை அவர் அதை லாரியில் கட்டவில்லை. வெளியே போய்க் கதவில் கயிற்றைக் கட்டி, தெருக்காரர்களைக் கூப்பிட்டுத் தேர் இழுக்கிற மாதிரி இழுக்கச் சொன்னார். அத்தாயிதான் முதல் ஆள். "ஏலோ" என்று குரல் கொடுத்து இழுத்தவள், கயிறு அறுந்து பின்னால் இருந்த சாணிக்குழியில் உட்கார்ந்தாள். "ஜன்னல் நின்னுது, நான் உழுந்தேன்" என்று அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அவ்வளவும் செய்த பிறகும் அவருக்கு மனசு நிலைக்கவில்லை. எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் சேந்தமங்கலத்துப் பக்கம் காற்று எப்படி என்று எதிரே வருகிற டிரைவர்களைக் கேட்டார். ஊரார் ஜன்னலைக் குலுக்குகிற பழக்கம் அப்போது தொற்றியதுதான். மற்றவர்களுடையது லொடக் என்றால் தன்னுடையது நிற்கும் என்று ஒரு கணக்கு.

இந்தச் சித்திரையில் அது வந்தது. பள்ளிபாளையத்திலிருந்து காகித உருளை ஏற்றிக்கொண்டு வந்தவர், நாமக்கல்லைத் தாண்டும்போதே கொல்லிமலை இருக்கிற இடத்தில் மலையைக் காணவில்லை, கறுப்புத்தான் இருந்தது. பிறகு மழை. பிறகு வண்டியையே ஓரமாகத் தள்ளப் பார்த்த காற்று. வழியில் புளியமரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது; ஆட்கள் அதை வெட்டி நகர்த்தும்வரை அவர் கூடவே நின்று கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு கேலியும் பேசவில்லை. ஊர் எல்லைக்கு வந்தபோது மழை ஓய்ந்து, சாயங்கால வெயில் கூடத் தலைகாட்டியது. வாழைத்தோப்பு மொத்தமாகப் படுத்திருந்தது.

வீட்டுக்கு எதிரே அத்தாயி, கூரையில் பாதியைக் காணாமல், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். "வந்துட்டியா தம்பி! உன்ற பொண்டாட்டி கதவே தொறக்க மாட்டேங்கறா. நானும் கத்திக் கத்திப் பாத்துட்டேன். என்னாச்சோ தெரியலியே!"

கிறிஸ்துராஜ் வண்டியிலிருந்து குதித்தார். கதவைத் தட்டக்கூட இல்லை. நேராகப் பின்பக்கம் ஓடினார். இரட்டைக் கதவு இறுக மூடியிருந்தது. உள்ளே சத்தம் இல்லை. அடுப்படிப் பக்கம் வந்து, கவிழ்ந்து கிடந்த உரலின்மேல் ஏறி, மேல்பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

அங்கிருந்து பின்னறை தெரிந்தது. ஜன்னலில் குறுக்குச் சட்டம் கிடந்தது. ஜன்னலுக்கு எதிர்மூலையில், எட்டாத தூரத்தில், பாயை விரித்து இன்னாசிமேரி மல்லாந்து படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பாப்பாவின் ஒரு கால் அவள் வயிற்றின்மேல் கிடந்தது. குறட்டைச் சத்தம், முதல் கியரில் ஏற்றம் ஏறுகிற லாரியைப்போல, நிதானமாக வந்துகொண்டிருந்தது.

அவர் பலகையை மெதுவாக இறக்கிவிட்டு உரலிலிருந்து இறங்கினார்.

"என்ன தம்பி? என்னாச்சு? இருக்கறாளா?" என்றாள் அத்தாயி.

அவர் இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

"தூங்கறாளா! இந்தக் காத்துலயா! நல்லாருக்குதே ஞாயம். நான் இங்க கூரை போய் நிக்கறேன், அவ தூக்கமா? இரு, எழுப்பறேன். எந்திரிச்சு எனக்கொரு வாய் காப்பித் தண்ணி வெச்சுக் குடுக்கட்டும்." சொல்லிக்கொண்டே அத்தாயி சாக்கை உதறிவிட்டு லாரிப் பக்கம் போய், கேபின் கதவோரம் புடைத்துக்கொண்டிருந்த ஆரன் பந்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

கிறிஸ்துராஜ் ஒரே எட்டில் வந்து, தோளில் கிடந்த ஈரத்துண்டை உருவி, ஆரனின் வாயில் திணித்து அடைத்தார்.